கழக இணைப்பு வாக்கெடுப்புக்கு முதல்: ஃபெதர்ஸ்டன் ரோவர்ஸின் கதை

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் விளையாட்டுக் கழகத்தை அயலிலுள்ள இரண்டு கழகங்களோடு சேர்த்து ஒரே பெயரில் பதியலாமா என்று குழுவில் நடக்கும் வாதத்தை விடாமல் வாசித்து வருகிறேன். கனடாவில் இருப்பவர்கள் "சேர்த்தால்தான் ஆடப் பெடியள் கிடைப்பாங்கள்" என்கிறீர்கள். சுவிஸ் ஆட்கள் மைதானத்து உறுதி யார் பெயரில் இருக்கும் என்று கேட்கிறீர்கள். இரண்டும் நியாயமான கதைதான். நான் இருக்கும் இங்கிலாந்தின் வேக்ஃபீல்ட் பக்கத்தில் 1995இல் இதே பிரச்சினை பெரிய சண்டையாக வந்தது. வாக்குப் போட முதல் அந்தக் கதையை ஒருக்கால் கேளுங்கள். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேக்ஃபீல்டுக்கும் பொன்டிஃபிராக்டுக்கும் இடையில் இருக்கிறது ஃபெதர்ஸ்டன். சனத்தொகை பதினையாயிரம் அளவில். நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். 1893 செப்டெம்பரில் முதலாளிமார் சுரங்கங்களை இழுத்துப் பூட்டியிருந்த நேரம், ஆக்டன் ஹால் சுரங்கத்தடியில் கூடிய சனத்தின் மேல் இராணுவம் சுட்டு இரண்டு இளைஞர்கள் செத்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி, வட இங்கிலாந்துக் கழகங்கள் ரக்பி யூனியனை விட்டுப் பிரிந்தன. சனிக்கிழமை ஆடப் போகிற சுரங்கத் தொழிலாளிக்கு அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியை நாங்கள் கொடுக்கிறோம் என்று கழகங்கள் கேட்க, மேலிடத்துக் கனவான்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் அந்தக் கூலிச் சண்டையில் பிறந்தது.

ஃபெதர்ஸ்டனின் ரக்பி லீக் கழகமான ரோவர்ஸ் 1902இல் ரெயில்வே ஹோட்டலில் கூடித் தொடங்கப்பட்டது. 1921இல் பெரிய கழகங்களின் லீக்கில் இடம் கிடைத்தது. 1928இல் லீக் சம்பியன் இறுதிப் போட்டி வரை போய் ஸ்விண்டனிடம் தோற்றார்கள். ஆள் பிடிக்கத் தூரம் போகத் தேவையில்லை, சுரங்க வாசலில் நின்று விசிலடித்தால் ஒரு ஆட்டக்காரன் மேலே வருவான் என்று இந்தப் பக்கம் முழுக்கச் சொல்வார்கள். குறிப்பாக ஸ்க்ரம் ஹாஃப், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கும் ஆட்டக்காரர்கள்: டொன் ஃபொக்ஸ், கார்ல் டூலர், ஸ்டீவ் நாஷ் என்று ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மைதானம் போஸ்ட் ஒஃபிஸ் ரோட்டில். 1959இல் சென்ட் ஹெலன்ஸ் அணியோடு ஆடிய கோப்பை ஆட்டத்துக்கு 17,531 பேர் வந்தார்கள். ஊர்ச் சனத்தை விட மைதானத்துச் சனம் கூட!

ரக்பி லீக்கின் பெரிய கோப்பையான சலஞ்ச் கோப்பையை மூன்று முறை வென்றிருக்கிறார்கள். 1967இல் பாரோவை 17–12. 1973இல் பிராட்ஃபோர்டை 33–14. அன்று சிரில் கெலட் கோலுக்கு உதைத்த எட்டு உதையும் தவறவில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் ஊர் இன்றைக்கும் ஓயாமல் கதைக்கும். 1983 மே 7, வெம்ப்ளி. எதிரணி ஹல், அந்த வருட லீக் சம்பியன். ரோவர்ஸ் அந்தப் பருவம் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியதே பெரிய பாடு. டேவிட் ஹொப்ஸ் இரண்டு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைப்பது) போட்டார். அப்போது ஒரு ட்ரைக்கு மூன்று புள்ளிதான். கடைசி நிமிடங்களில் 12–12. பெனால்டி கிடைக்கிறது, ஸ்டீவ் குவின் உதைக்கிறார், 14–12. என்னோடு வேலை செய்யும் ஃபெதர்ஸ்டன் ஆள் ஒருவர் அந்த உதையை வர்ணிக்கும்போது சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் பந்து மாதிரி நிறுத்திவைத்து, இரண்டடி பின்னால் போய்த்தான் தொடங்குவார்.

அடுத்த வருடமே சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அது 1985 மார்ச்சில் தோல்வியில் முடிய, சில மாதத்தில் ஆக்டன் ஹாலை மூடிவிட்டார்கள். ஊரில் மிஞ்சிய பெரிய சொத்து கழகம் ஒன்றுதான்.

இப்ப நான் சொல்ல வந்த இடம். 1995 ஏப்ரலில் ஊடக முதலாளி மர்டொக்கின் நிறுவனம் 77 மில்லியன் பவுண் தருகிறோம், சூப்பர் லீக் என்று ஒரு புது மேல்பிரிவைத் தொடங்குங்கள் என்றது. நிபந்தனை: பதினான்கு அணிகள், சின்னக் கழகங்களைச் சேர்த்துவிட வேண்டும். காசில்ஃபோர்ட், வேக்ஃபீல்ட், ஃபெதர்ஸ்டன் மூன்றையும் ஒன்றாக்கி, ஓடுகிற ஆற்றின் பெயரில் "கால்டர்" என்று ஒரு அணி. மூன்று ஊரும் பரம்பரைப் போட்டியாளர்! சனம் எதிர்த்து நின்றது, ஃபெதர்ஸ்டன் அங்கத்தவர்கள் மாட்டோம் என்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. காசில்ஃபோர்ட் தன் பெயரிலேயே சூப்பர் லீக்குக்குள் போனது. ரோவர்ஸ் இரண்டாம் பிரிவில்.

அதற்குக் கொடுத்த விலையையும் மறைக்காமல் எழுத வேண்டும். ரோவர்ஸ் 1998இல் மேலே ஏறும் இறுதி ஆட்டத்தில், சேரச் சொன்ன அதே வேக்ஃபீல்டிடம் 24–22 என்று தோற்றார்கள். 2011இல் ஷெஃபீல்டை 40–4 என்று அடித்து வென்றும், வெற்றியைப் பார்க்காமல் உரிமம் கொடுத்து இடம் ஒதுக்கிய அந்த நாள் முறையால் ஏற முடியவில்லை. 2021இல் மேலே ஏறும் இறுதி ஆட்டத்தில் பிரான்சின் துலூஸ் அணியிடம் தோற்றார்கள். சூப்பர் லீக் கைக்கு எட்டவே இல்லை. சேர்ந்திருந்தால் காசு வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசு வந்த அணிக்கு ஃபெதர்ஸ்டனில் மைதானம் இருந்திருக்குமா என்று கேட்டால், அந்தச் சாப்பாட்டுப் பெட்டி மனிசன் சிரிப்பார். ஸ்கார்பரோவில் மூடிப்போன உதைபந்தாட்ட மைதானத்தின் இருக்கைக் கூடங்களை வாங்கிக் கொண்டுவந்து தங்கள் மைதானத்தில் பூட்டிய ஆட்கள் இவர்கள்.

ஆகவே என் நிலைப்பாடு: பதினெட்டு வயதுக்குட்பட்ட அணியை மூன்று ஊரும் சேர்ந்து இறக்கலாம். பயிற்சியாளர் சம்பளத்தையும் பங்கு போடலாம், இங்கிலாந்துக் கிளை தன் பங்கைத் தரும். பெயர், உடுப்பின் நிறம், மைதானத்து உறுதி மூன்றும் எங்கள் கழகத்திடமே இருக்க வேண்டும். முன்மொழிவில் நாலாம் பந்தி காணியைப் புதுக் கழகத்துக்கு மாற்றச் சொல்கிறது. அந்தப் பந்தி இருக்கும்வரை என் வாக்கு எதிர். எடுத்துவிட்டால் ஆதரவு. செயலாளர் திருத்திய பிரதியை வாக்கெடுப்புக்கு முதல் குழுவில் போடுவாரா?

அன்புடன்,
வேக்ஃபீல்டிலிருந்து