பழைய கேம் இசைக் கோப்புகள்: சரியாகப் பாடாமல் படுத்தியது எது? அனுபவம் சொல்லுங்கள்

எட்டுபிட்_ரசிகன்:
அகுமாஜோ டென்செட்சு (காசில்வேனியா 3இன் ஜப்பானியப் பதிப்பு) கேமின் என்எஸ்எஃப், அதாவது அதன் இசைக் கோப்பு பற்றித்தான். 1989, கொனாமி, ஃபாமிகாம் (நின்டெண்டோவின் கேம் மெஷின், அமெரிக்காவில் என்இஎஸ்). கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே விஆர்சி6 என்ற ஒலிச் சிப் இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும்: கூடுதலாக இரண்டு பல்ஸ், ஒரு சாடூத் என மூன்று ஒலிச் சேனல்கள். என்னிடம் இருந்த கோப்பு திறந்தது, ஓடியது, எந்தப் பிழையும் காட்டவில்லை. ஆனால் பாட்டுக்கு அடிவயிறே இல்லை. டிரம்ஸ் தட்டுகிறது, மெலிந்த ஒரு மெட்டு போகிறது, பேஸ் வர வேண்டிய இடம் காலி. பிளேயரை மாற்றினேன், ஈக்வலைசரைத் திருகினேன், ம்ஹூம். கடைசியில் கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து, பூஜ்யத்திலிருந்து எண்ணி 123ஆவது பைட்டைப் பார்த்தால் 00. கூடுதல் சிப் எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். 01 என்று மாற்றிச் சேமித்து ஓடவிட்டேன். அந்த சாடூத் பேஸ் கீழேயிருந்து ‘உர்ர்ர்’ என்று கிளம்பியது பாருங்கள்! பக்கத்து அறையிலிருந்து என்ன சத்தம் என்று கேட்டார்கள். அந்த பைட்டை யார் அழித்தார்கள், எதற்காக என்பதுதான் இன்னும் புரியவில்லை.

கார்ட்ரிட்ஜ்_ஊதி:
யாரும் அழித்திருக்க மாட்டார்கள் ப்ரோ. அது அமெரிக்கப் பதிப்பாக இருந்திருக்கும். அங்கே விற்ற காசில்வேனியா 3இல் விஆர்சி6 கிடையாது. என்இஎஸ்ஸின் ஐந்து சேனலுக்குள் அடங்கும்படி இசையையே மாற்றிவிட்டார்கள். 00 இருப்பதுதான் அங்கே சரி.

எட்டுபிட்_ரசிகன்:
அமெரிக்கப் பதிப்பு என்றால் 01 போட்டாலும் பேஸ் வராது. விஆர்சி6க்கு எழுதும் கட்டளையே அதில் இருக்காதே. எனக்கு வந்தது. பிறகென்ன?

கார்ட்ரிட்ஜ்_ஊதி:
சரி, அது நியாயம்தான். ஆனாலும் ஹெட்டரில் (கோப்பின் தொடக்கத் தகவல் பகுதி) பதிப்புரிமை வரி என்ன சொல்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

சிட்_பைத்தியம்:
எனக்கு கொமடோர் 64 என்ற பழைய ஹோம் கம்ப்யூட்டர். பாட்டு நடுவே ஒரு ஆள் குரல் கத்த வேண்டும். கத்தவில்லை, எங்கோ தூரத்தில் முணுமுணுத்தது. அதன் ஒலிச் சிப்பான சிட்டில் பழையது 6581, புதியது 8580. பழையதில் வால்யூம் ரிஜிஸ்டரை மாற்றும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். சிப்பின் குறைதான். அதைப் படுவேகமாகச் செய்தே குரலும் டிரம்ஸும் வாசித்தார்கள் அந்த நாளில். 8580இல் குறை போயிற்று, கூடவே குரலும் போயிற்று. பிளேயரில் 8580 என்று இருந்ததை 6581 ஆக்கினேன், ஆள் கத்தினான். மேலே இருவரும் பைட்டுக்காகச் சண்டை போடுகிறீர்கள். முதலில் செட்டிங்கைப் பாருங்கள் என்பேன்.

லினக்ஸ்_மாமா:
என் கதை சின்னது. மினிபிஎஸ்எஃப் என்ற பிளேஸ்டேஷன் இசைக் கோப்பு ஒன்று விண்டோஸில் பாடியது, லினக்ஸில் வாயே திறக்கவில்லை. எந்த பிஎஸ்எஃப்லிப் (பல பாட்டுகளுக்குப் பொதுவான துணைக் கோப்பு) வேண்டும் என்று மினிபிஎஸ்எஃப்புக்குள் பெயர் எழுதியிருக்கும். அதில் பெரிய எழுத்து, டிஸ்கில் சின்ன எழுத்து. லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு கோப்புகள். பெயரைத் திருத்தினேன், பாடியது.

நிற்க. எல்லோருக்கும் பொதுவாகச் சிலது சொல்கிறேன். ஹெட்டரில் கை வைக்கும் முன் நகல் எடுங்கள். ஜிப்பிலிருந்து பிடித்த பாட்டை மட்டும் உருவாதீர்கள். மினிபிஎஸ்எஃப்பில் சில கிலோபைட் சுரக்குறிப்புதான் இருக்கும், வாத்தியமெல்லாம் லிப்புக்குள். விஜிஇசட் என்பது ஜிஜிப் முறையில் சுருக்கிய விஜிஎம் இசைக் கோப்புதான், உங்கள் பிளேயர் முரண்டு பிடித்தால் பிரித்துக் கொடுங்கள். ஆர்எஸ்என் என்பது எஸ்பிசி (சூப்பர் நின்டெண்டோ இசை) கோப்புகளை அடைத்த ஆர்ஏஆர். பாட்டு பாதியில் நிற்கிறது, முடியவே மாட்டேன் என்கிறது என்று புலம்புபவர்களுக்கு: பழைய என்எஸ்எஃப்பில் பாட்டின் நீளம் என்ற தகவலே கிடையாது, எப்போது ஒலியைக் குறைத்து முடிப்பது (ஃபேட்) என்று பிளேயர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்கிறது. அந்த நேரத்தை நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள். சிட் பாட்டுக் கோப்புகள் வைத்திருப்பவர்கள் ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷனோடு வரும் பாட்டு நீளக் கோப்பைப் பிளேயருக்குக் காட்டிவிடுங்கள். அப்புறம், தயவுசெய்து எம்பி3 ஆக்கிவிட்டு மூலக் கோப்பை அழிக்காதீர்கள். இது குறிப்பாக ரசிகன் தம்பிக்கு.

எட்டுபிட்_ரசிகன்:
மாமா, நான் எதையும் அழிக்கவில்லையே! எம்பி3 பேச்சையே நான் எடுக்கவில்லை.

கார்ட்ரிட்ஜ்_ஊதி:
ஆலோசனை யாரும் கேட்கவில்லை மாமா, ஆனால் ஆர்எஸ்என் மேட்டருக்கு நன்றி. ரொம்ப நாளாகத் திறக்காமல் கிடந்த ஒன்றை இப்போதுதான் ஆர்ஏஆர் என்று பெயர் மாற்றித் திறந்தேன். உள்ளே எஸ்பிசி வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் எக்கோ அளவுக்கு மீறிக் கேட்கிறது. அது கோப்பின் கோளாறா, பிளேயரின் கோளாறா?