பதினைந்து இரண்டு, பதினைந்து நாலு: நாங்கள் கிரிபேஜ் பழகிய கதை

வெள்ளவத்தையில் இருந்து

எங்கள் வீட்டில் காட்ஸ் என்றால் 304 தான், நாலு பேர் ஏலம் மாதிரிக் கேள்வி கேட்டு விளையாடுவது. சனி பின்னேரம் நாலு பேர் மேசையைச் சுற்றி இருந்துவிட்டால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழும்பமாட்டார்கள், "இந்தக் கேள்வி முடியட்டும்" என்பார்கள், அந்தக் கேள்வி இரவு பத்து மணிக்கும் முடிந்திருக்காது. அந்த நாலு பேரில் ஒருவர் லண்டன் போனார், ஒருவர் மகளோடு ரொறன்ரோ போனார், அப்பா காலமாகிவிட்டார். மிச்சம் மாமா மட்டும். இளவயதில் சரக்குக் கப்பலில் வேலை செய்தவர் என்பதால் எங்களுக்கு அவர் கப்பல் மாமா. நாலு பேர் சேராததால் அவர் காட்ஸ் கட்டையே தொடாமல் இருந்தது எனக்கு மனதுக்குள் ஒரு பாரமாகவே கிடந்தது.

2022 மார்ச் கடைசியில் கறண்ட் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். அப்படி ஓர் இரவில் மாமா டோர்ச் பிடித்துக்கொண்டு இரண்டு ஒழுங்கை தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் ஒரு நீட்டுப் பலகை. "இது கிரிபேஜ், ரெண்டு பேர் விளையாடுறது பிள்ளை, ரெண்டு பேர் இருக்கிறம்தானே" என்றார். கப்பலில் இருந்த ஓர் இங்கிலாந்து இஞ்சினியரிடம் பழகினாராம்.

அந்தப் பலகையை நான் மெழுகுதிரி வெளிச்சத்தில் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஐந்தாகப் பிரித்துத் துளைகள், வருசக்கணக்காகக் குச்சி ஏறி இறங்கியதில் சில துளைகளின் வாய் அகன்றுபோய் இருந்தது. ஆளுக்கு இரண்டு குச்சி. பித்தளைக் குச்சியில் மூன்றுதான் மிச்சம், நாலாவதுக்குப் பதிலாக மருந்தைச் சுரண்டிய நெருப்புக்குச்சி. ஒரு குச்சி பின்னால் நிற்க மற்றது அதைத் தாண்டி முன்னால் போகும், அதனால் பிழையாக எண்ணி வைத்தாலும் முந்தி நின்ற இடம் எது என்று பலகையே காட்டிக்கொடுக்கும். 121க்கு யார் முதலில் போகிறாரோ அவருக்கு வெற்றி.

விளையாட்டு இப்படி. ஆளுக்கு 6 காட்ஸ். அதில் 2ஐக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், இரண்டு பேருடையதும் சேர்ந்து வரும் அந்த நாலு காட்ஸ்தான் கிரிப். மாமா அதைப் பெட்டி என்பார். அது காட்ஸைப் பிரித்துப் போட்டவருக்குச் சொந்தம், அடுத்த முறை மற்றவர் பிரித்துப் போடுவார். பிறகு மிச்சக் கட்டை வெட்டி மேலே ஒன்றைத் திறந்து வைப்பது, அது இரண்டு பேருக்கும் பொது. அப்புறம் மாறி மாறி ஒவ்வொன்றாகப் போட்டு 31 வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும், 31ஐத் தாண்டக்கூடாது. ஏஸ் 1, ஜாக், ராணி, ராஜா எல்லாம் 10. 15 ஆக்கினால் 2 புள்ளி, சரியாக 31 ஆக்கினால் 2, அதே காட்ஸை மேலே வைத்தால் சோடிக்கு 2, மூன்றாவதும் அதுவே விழுந்தால் 6, நாலாவதுக்கு 12. போட வழியில்லாவிட்டால் "கோ" சொல்வது, மற்றவருக்கு 1.

இவ்வளவும் ஒரு மணித்தியாலத்தில் பிடிபட்டுவிட்டது. கஷ்டம் அதற்குப் பிறகுதான், கையில் வைத்த நாலோடு வெட்டித் திறந்ததையும் சேர்த்துக் கையை எண்ணும்போது. எனக்கு வந்தது 6, 7, 7, 8, ஒரு ராஜா, ஒரு 2. ராஜாவையும் 2ஐயும் மாமாவின் பெட்டிக்குள் போட்டேன். வெட்டியதில் வந்தது இன்னொரு 8. நான் பார்த்து, ஒரு 15க்கு 2, இரண்டு சோடிக்கு 4, 6-7-8 வரிசைக்கு 3, மொத்தம் 9 என்று சந்தோசமாகச் சொன்னேன். மாமா ஒன்றும் சொல்லாமல் ஐந்தையும் மேசையில் பரப்பினார். முதல் 7ஐ முதல் 8ஓடு ஒட்டி வைத்து "பதினைஞ்சு ரெண்டு" என்றார். அதே 7ஐ அடுத்த 8ஓடு வைத்து "பதினைஞ்சு நாலு". மற்ற 7ஐ எடுத்து "பதினைஞ்சு ஆறு, பதினைஞ்சு எட்டு". சோடிக்கு 4, பன்னிரண்டு. பிறகு 6ஐ நடுவில் வைத்துவிட்டு 7ஐயும் 8ஐயும் மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார், ஒரே வரிசை நாலு விதமாக வந்தது, நாலு மூன்று பன்னிரண்டு. மொத்தம் 24. "கையில இருக்கிறதைக் காணாமல் எழும்பிப் போகப் பார்த்தாயே" என்று சொல்லி என் குச்சியை அவரே 24 துளை நகர்த்தி வைத்தார்.

அன்றைக்கு விளங்கியது எனக்கு இதுதான்: இந்த விளையாட்டில் நல்ல கை வருவது பெரிய காரியமில்லை, வந்த கையில் இருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய காரியம். அதனால் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் பத்து ஆட்டம் காட்ஸை மறைக்காமல் திறந்து வைத்து, வாய்விட்டு எண்ணி விளையாடுங்கள். மற்றவர்கள் எப்படிப் பழகினீர்கள், எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனையில் இருந்து

304 விளையாடி வந்த ஆட்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு, அதைச் சொல்லத்தான் வேண்டும். 304இல் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. முப்பது வருசம் அந்தக் கணக்கோடு இருந்த கண்ணுக்கு ஜாக் வந்தால் கை தானாக இறுக்கிப் பிடிக்கும். ஐந்தை என்ன செய்வது? 304 கட்டில் ஐந்தே கிடையாது.

எங்கள் மாடிக் குடியிருப்பில் ஒரு பறங்கி அன்ரி இருந்தார், அவர்தான் எனக்குப் பழக்கினவர். இரண்டாம் நாள் எனக்கு இரண்டு ஐந்து வந்தது. இரண்டையும் தூக்கி அவருடைய கிரிப்புக்குள் போட்டுவிட்டு ஜாக், ஒன்பது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அவர் அதற்குள் ஒரு ஜாக்கும் ராணியும் வைத்திருந்தார், வெட்டியதில் ராஜா. 17 புள்ளி! அதற்குப் பிறகு அவர் ஆறுதலாகச் சொன்னார், "மகன், 52 காட்ஸில 16க்குப் பத்து மதிப்பு. அந்தப் பதினாறும் ஐந்தைத்தான் தேடிக்கொண்டு திரியும்." அன்றிலிருந்து ஐந்தை மற்றவருடைய பெட்டிக்குள் நான் போட்டதே இல்லை, ஐந்தால் ஆட்டத்தைத் தொடங்கியதும் இல்லை. என் பெட்டி என்றால் தாராளமாகப் போடுவேன், 7உம் 8உம் சேர்ந்து வந்தாலும் அப்படித்தான். மற்றவருடைய பெட்டிக்கு ராஜாவும் ஒன்பதும் மாதிரி ஒன்றோடு ஒன்று சேராததைத் தேடிப் போடுவேன்.

ஜாக்குக்கு இங்கேயும் ஒரு சின்ன மரியாதை மிச்சம் இருக்கிறது. வெட்டித் திறந்தது ஜாக் என்றால் காட்ஸைப் பிரித்துப் போட்டவருக்கு உடனே 2. திறந்து வைத்தது ஆட்டின் என்று வையுங்கள், கையில் ஆட்டின் ஜாக் இருந்தால் 1. எனக்கு அந்த ஒரு புள்ளி வரும்போது வருகிற சந்தோசம் 304இல் கம்மாறிஸ் என்ற பெரிய வெற்றி அடித்தது போல இருக்கும், உண்மையாகத்தான்.

தெஹிவளையில் இருந்து

என் அனுபவம் அவ்வளவு நல்லதில்லை. வேலையிடத்து நண்பர் ஒருவர் நகரத்தில் ஒரு கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். விதிமுறையை வாசித்துக்கொண்டு போயிருந்தேன், ஆனால் எண்ணும் வேகம் இல்லை. அங்கே வயதான ஒருவர் மகின்ஸ் வைத்து விளையாடினார், அதாவது என் கையில் நான் எண்ணத் தவறிய புள்ளியை அவர் தனக்கு எடுத்துக்கொள்ளலாம். விதி அது, பிழை சொல்ல மாட்டேன். ஆனால் எது தவறியது என்று ஒரு தடவையாவது காட்டியிருக்கலாம். "நாலு எனக்கு" என்பார், குச்சியை நகர்த்துவார், காட்ஸை அள்ளிக் கட்டுக்குள் சேர்த்துவிடுவார். அவர் 121 போகும்போது நான் 84இல் நின்றேன். 91ஐத் தொடாவிட்டால் தோல்வி இரண்டாகக் கணக்கு, அதையும் அப்போதுதான் சொன்னார்கள். ஒரு வருசம் காட்ஸ் பக்கமே போகவில்லை.

ஒரே ஒரு நல்ல விசயம் அங்கே கிடைத்தது. பக்கத்து மேசையில் ஒருவர் கையைத் திறந்து "பத்தொன்பது" என்றார், ஆனால் குச்சியை அசைக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை. என் நண்பர்தான் சொன்னார், கிரிபேஜ் கையில் 19 என்ற எண் வரவே வராது, 25, 26, 27 இவையும் வராது, ஆகவே ஒன்றுமே இல்லாத கையைத்தான் பத்தொன்பது என்பார்களாம். வீட்டுக்கு வந்து காட்ஸை வைத்து இரவு முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்தேன், 19 வரவேயில்லை. அந்த ஓர் இரவுதான் எனக்கு எண்ணப் பழக்கியது.

வத்தளையில் இருந்து

தெஹிவளை அண்ணா, உங்கள் மனவருத்தம் விளங்குகிறது, ஆனால் நான் மகின்ஸின் பக்கம். ஃபோனில் கம்பியூட்டரோடு ஆறு மாதம் விளையாடினேன். அது புள்ளியைத் தானே எண்ணித் தானே போட்டுவிடும், ஆறு மாதத்துக்குப் பிறகும் எனக்கு ஒரு கையை முழுதாக எண்ண வராது. பிறகு மச்சானோடு மகின்ஸ் வைத்து விளையாடிய இரண்டே கிழமையில் கண் திறந்தது. இழந்தால்தான் பார்ப்போம்.

வெள்ளவத்தையில் இருந்து

மாமாவும் என்னோடு மகின்ஸ் வைத்துத்தான் இப்போது விளையாடுகிறார், ஆனால் மூன்றாம் மாதத்தில்தான் தொடங்கினார், அதுவும் தவறிய காட்ஸ் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுத்தான் குச்சியைத் தொடுவார். காட்டாமல் எடுப்பது பழக்குவது ஆகாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பம்பலப்பிட்டியில் இருந்து

மகனுக்குப் பத்து வயது, கூட்டல் கணக்கு என்றால் முகம் வாடிவிடும். அதற்காகவே இதைத் தொடங்கினேன். பலகை வாங்க நான் எங்கேயும் தேடிப் போகவில்லை, பிஸ்கட் பெட்டி அட்டையில் ஊசியால் குத்தி 121 துளை, பல்லுக்குத்தும் குச்சி நாலு, பேனா மையால் இரண்டுக்கு நிறம். அட்டை நனையாமல் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் நிற்கும்.

முதல் கிழமை கையையே எண்ணவில்லை, 31 வரை போடும் பகுதியை மட்டும் விளையாடினோம், அது சிறு பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும். ஒரு நாள் நான் 7 போட்டேன். அவன் 8 போட்டு "பதினைந்து, எனக்கு 2" என்றான். நான் 9 போட்டேன், 24, மூன்றும் வரிசையாக நின்றதால் எனக்கு 3. பிள்ளை கையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மெதுவாக ஒரு 7ஐ வைத்தான். "முப்பத்தொன்று!" அதற்கு 2. நான் காட்ஸை எடுக்கப் போக, "பொறுங்கோ அம்மா" என்று கடைசி மூன்றையும் காட்டினான், 8, 9, 7. ஒழுங்கு மாறி விழுந்தாலும் வரிசை வரிசைதான், இன்னும் 3. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவன் சொல்லியிராவிட்டால் கடந்து போயிருக்கும்.

ஆட்டத்தைத் தொடங்க 4 நல்ல காட்ஸ் என்று அவனே கண்டுபிடித்தான். 4க்கு மேல் மற்றவர் எதைப் போட்டாலும் 15 வராது, அதற்கு 11 வேண்டும், அப்படி ஒரு காட்ஸ் இல்லை. 5க்குக் குறைந்த எதுவும் அப்படித்தான்.

வத்தளையில் இருந்து

இதை யார் கண்டுபிடித்தது என்று மகன் கேட்டால் சொல்லுங்கள், 17ஆம் நூற்றாண்டில் இருந்த ஜோன் சக்ளிங் என்ற ஆங்கிலக் கவிஞர் பேரில்தான் இது வழங்குகிறது, அதற்கு முன் இருந்த நொடி (Noddy) என்ற காட்ஸ் விளையாட்டில் இருந்து எடுத்தாராம். கவிஞர் ஒருவருக்குப் பதினைந்து இரண்டு, பதினைந்து நாலு என்ற சந்தம் தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

29 யாராவது கண்டிருக்கிறீர்களா? அதுதான் ஆகக் கூடிய கை. கையில் மூன்று ஐந்தும் ஒரு ஜாக்கும், வெட்டியதில் அந்த ஜாக்கின் அதே சின்னத்து ஐந்து. 2,16,580 கையில் ஒன்று என்பது கணக்கு.

வெள்ளவத்தையில் இருந்து

மாமா கண்டது 28 தான், அதுவும் ஒரே ஒரு தடவை, நாலு ஐந்தும் ஒரு பத்தும். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எழுந்து நின்றுதான் சொல்வார்.

இந்த வருசம் அவருக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை எடுத்தார்கள். கண் தெளியும் வரை கொஞ்ச நாள் நான் காட்ஸை வாசிப்பேன், அவர் மனதிலேயே எண்ணுவார். போன போயாவுக்குப் பின்னேரம் பிளேன்டீயோடு இருந்தோம், இனி வாசிக்க வேண்டாம், தானே பார்க்கிறேன் என்றார். அவர் கையில் 4, 4, 7, 8, வெட்டியதில் ராஜா. "பதினைஞ்சு ரெண்டு, சோடி ரெண்டு, நாலு" என்று சொல்லிவிட்டுக் குச்சியைத் தொட்டார். எனக்கு வாய் வரவில்லை. பிறகு விரலை எடுத்து இரண்டு நாலின் மேலும் ஏழின் மேலும் வைத்தேன். மாமா குனிந்து கனநேரம் பார்த்தார்.

"நாலும் நாலும் ஏழும்" என்றார். "மகின்ஸ்தானே, எடு."

நெருப்புக்குச்சியை இரண்டு துளை தள்ளி வைத்தேன்.