மறு: ஹீட் மேட் – ‘சூட்டுப்பாய்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

பாம்பு வளர்ப்புக் கையேட்டுக்காக ஆங்கிலச் சொற்களுக்கு நீங்கள் தமிழ்ச் சொல் கொடுத்திருக்கும் பட்டியலைப் படித்தேன். உடற்கூறு, தீனி, தோலுரிப்பு பற்றிய சொற்களில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. பெட்டியின் தரையில் என்ன போடுவது, எப்படிச் சூடேற்றுவது என்ற பகுதியில்தான் சில சொற்கள் உறுத்துகின்றன; முதலாவது, ஹீட் மேட் என்ற மின்சூடேற்றிக்கு வைத்த ‘சூட்டுப்பாய்’. (நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது என்பதை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். கையேடு பேசுவது பந்து மலைப்பாம்பு, சோளப்பாம்பு போன்ற அயல்நாட்டு இனங்களைப் பற்றி மட்டும்.)

> ‘சூட்டுப்பாய்’ எளிமையாக இருக்கிறது. கேட்டதும் எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். பாய் என்றால் விரித்துப் படுப்பது. அந்தப் பெயரைப் பார்த்தவர் அதைப் பெட்டிக்குள் விரித்துப் பாம்பை மேலே படுக்க விடுவார். உண்மையில் அது கண்ணாடிக்கு வெளியே, பெட்டியின் அடியில், ஒரு பக்கமாக மூன்றில் ஒரு பங்கு இடத்தில் ஒட்டவேண்டிய மெல்லிய மின்தகடு. கட்டுப்பாடு இல்லாமல் ஓடினால் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். மலைப்பாம்பு உதட்டுக் குழிகளால் இரையின் வெதுவெதுப்பைத் தூரத்திலேயே உணரும். ஆனால் வயிற்றுக்கு அடியில் தரை சுடும்போது நகர்ந்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. வயிற்றுச் செதில் சிவந்து, பழுத்து, கொப்புளம் கண்ட பிறகுதான் வளர்ப்பவருக்கே தெரியவரும். அதனால் என் பரிந்துரை ‘அடிவெப்பத் தகடு’. எங்கே வைப்பது என்பதும், படுக்கிற பொருள் அல்ல என்பதும் பெயரிலேயே வந்துவிடும்.

> சப்ஸ்ட்ரேட் = தளப்பொருள் / படுகை / வளர்தளம்

சப்ஸ்ட்ரேட் என்பது பெட்டியின் தரையில் போடும் பொருள். வளர்தளம் என்றால் எதையோ பயிரிடுகிற மாதிரி இருக்கிறது. ‘படுகை’ ஆற்றுக்குப் போய்விட்டது. நம் கோழிப்பண்ணைக்காரர்களிடம் நல்ல சொல் ஒன்று ஏற்கனவே இருக்கிறது: கூளம். உமி, மரத்தூள், கடலைத் தோல் பரப்பிக் கோழி வளர்ப்பதை ஆழ்கூள முறை என்று கால்நடைத் துறை வெளியீடுகளில் காலகாலமாக எழுதி வருகிறார்கள். அதையே எடுத்துக்கொள்வோம். உதிரியாகப் பரப்புவது அடிக்கூளம். செய்தித்தாள், துடைதாள் மாதிரி தாளாக விரிப்பது அடிவிரிப்பு. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கத் தேவையில்லை. வளர்ப்பவர்களும் பிரித்துத்தான் பார்க்கிறார்கள்: புதிதாக வாங்கிய பாம்பையோ நோயுற்ற பாம்பையோ விரிப்பில்தான் வைப்பார்கள், எச்சத்தையும் உண்ணியையும் உடனே பார்க்கலாம் என்பதால்.

கூள வகைகளில் ஒரு திருத்தம். ஆஸ்பென் என்ற மரத்தின் கூளத்துக்கு ‘மரத்தூள்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது இழைப்புளியில் விழும் சுருளைப் போன்றது. மரச்சீவல் என்பதுதான் சரி. தூளைப் போட்டால் இரையோடு சேர்ந்து வாய்க்குள் போகும், மூச்சுத்துளையை அடைக்கும். சோளப்பாம்புக்குச் சீவல் நல்லது, வளை தோண்டிப் படுக்கும். ஆனால் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். 60 சதவீதம் அளவுக்குக் காற்றில் ஈரம் கேட்கும் பந்து மலைப்பாம்புக்கு அது ஆகாது. அதற்குத் தேங்காய் நார்த்தூளும் நறுக்கிய மட்டைத் துண்டும்தான் தோது. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டி கட்டியாகக் கப்பலேறும் சரக்குதான் இது. நார்த்தூளுக்கு யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன ‘தும்புச்சோறு’ எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பட்டியலில் நார்த்தூள், தும்புச்சோறு இரண்டையும் அடுத்தடுத்துப் போடலாம். ஒன்றை மட்டும் வைக்க யாரும் கேட்கவில்லை.

சீடார் என்ற மரத்தின் கூளம் கூடவே கூடாது. அதன் வாசனை எண்ணெய் பாம்பின் மூச்சுக்குக் கேடு. அதைத் ‘தேவதாரு’ என்று மொழிபெயர்த்ததையும் எடுத்துவிடுங்கள். அமெரிக்கக் கடைகளில் சீடார் சீவல் என்று விற்பது பெரும்பாலும் ஒருவகை ஜூனிப்பர். இமயமலைத் தேவதாரு வேறு மரம்.

> தெர்மல் கிரேடியன்ட் = வெப்பச் சரிவு

பெட்டியின் ஒரு முனை சூடாகவும் மறுமுனை தணிவாகவும் இருப்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். விலைச் சரிவு, பங்குச் சரிவு என்று தினமும் படிக்கிறவருக்கு ‘வெப்பச் சரிவு’ என்றால் சூடு இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். ‘வெப்பச் சரிவு எப்போதும் இருக்கவேண்டும்’ என்ற வரியைப் படித்துவிட்டுத் தகட்டை அணைத்துவைத்தாலும் ஆச்சரியமில்லை. கொத்தனார் சொல்லும் ‘வாட்டம்’ நல்ல சொல்தான். ஆனால் வெப்பத்தோடு சேர்ந்தால் செடி வாடிய மாதிரி ஆகிவிடுகிறது. பள்ளிக் கணக்கில் ‘சாய்வு’ இருக்கிறதே, வெப்பச் சாய்வு என்று வைக்கலாம். அதைவிட முக்கியம், இரண்டு முனைக்கும் தனிப் பெயர்: சூட்டுப்பக்கம், தணிபக்கம். பந்து மலைப்பாம்புக்குச் சூட்டுப்பக்கம் 31 முதல் 33 டிகிரி, தணிபக்கம் 25, 26. தன் உடல் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள முடியாத பிராணி, இந்த இரண்டுக்கும் நடுவே போய்வந்துதான் சமாளிக்கிறது. சூட்டுப்பக்கம் இல்லையென்றால் விழுங்கின எலி செரிக்காமல் கக்கிவிடும்.

இன்னொன்று, கூளமும் தகடும் சேரும் இடம். ‘பாம்பு புதைந்துகொள்ளும் அளவுக்குக் கூளம் போடவும்’ என்ற வரியும், ‘தகட்டைச் சூட்டுப்பக்கம் ஒட்டவும்’ என்ற வரியும் வேறு வேறு பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் அப்படியே செய்தால், மேலே வெதுவெதுப்பாகத் தெரியும். அடியில் சூடு வெளியேறாமல் தேங்கும். பாம்பு தோண்டிக்கொண்டு நேராகச் சுடும் கண்ணாடியில் போய்ப் படுக்கும். தகட்டுக்கு நேர்மேலே கூளம் மெல்லிசாக இருக்கவேண்டும் என்று அங்கேயே எழுதுங்கள். ஆழமாகக் கூளம் போட விரும்பினால் மேலிருந்து சூடேற்றவேண்டும். அதற்கான கருவி, வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தரும் செராமிக் எமிட்டர்; அதற்குப் ‘பீங்கான் வெப்பி’ போதும். குளிர்நாட்டு அறைக்கு எப்படியும் அது தேவைப்படும், தகடு காற்றைச் சூடாக்காது.

தெர்மோஸ்டாட்டுக்கு ‘வெப்பக்கட்டுப்படுத்தி’ இருக்கட்டும், புதிதாக ஆக்கவேண்டாம். ஆனால் வெப்பமானியோடு குழப்பிக்கொள்ளாதபடி ஒரு வரி சேருங்கள். ஒன்று சூட்டைக் காட்டும், மற்றது தகட்டை அணைக்கும். இரண்டும் வாங்கவேண்டும். வெப்பக்கட்டுப்படுத்தியின் உணரியைத் தகட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து ஒட்டவேண்டும். பெட்டிக்குள் சும்மா விட்டால் பாம்பு இழுத்துத் தள்ளிவிடும். தணிபக்கத்தில் கிடக்கும் உணரி ‘இன்னும் சூடு போதவில்லை’ என்று தகட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் ‘ஹைட்’, அதாவது பாம்பு ஒளிந்துகொள்ளப் பெட்டிக்குள் வைக்கும் கூடு. மறைவிடம், பதுங்கிடம் இரண்டில் எனக்குப் பதுங்கிடம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வைக்கவேண்டும். ஒன்றுதான் இருந்தால் சூடு வேண்டுமா மறைவு வேண்டுமா என்று வரும்போது பாம்பு மறைவைத்தான் பார்க்கும். எதிர்ப்பு இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் மாற்றிவிடுகிறேன். ‘அடிவெப்பத் தகடு’ நீளமாக இருக்கிறது என்பவர்கள் அதற்குள் குட்டையாக ஒன்று சொல்லுங்கள், பாய் மட்டும் வேண்டாம்.