கோர் சுவிட்ச் (மற்ற எல்லா சுவிட்சுகளையும் இணைக்கும் நெட்வொர்க்கின் நடுப்பெட்டி) ஒன்று போதுமா, ஒன்று விழுந்தால் மற்றது ஓட ஜோடி வேண்டுமா? உங்கள் அனுபவம் என்ன?

நூற்பாலை, ஐ.டி. பிரிவு:
எங்களிடம் ஜோடி போடச் சொல்லி கொட்டேஷன் வந்தது. அதில் சுவிட்ச் விலை மட்டும்தான் முதலில் கண்ணில் படும். அப்புறம் ஒவ்வொரு அக்சஸ் சுவிட்சுக்கும் (கம்ப்யூட்டர்கள் இணையும் சுவிட்ச்) இன்னொரு ஃபைபர், இரு முனைக்கும் எஸ்.எஃப்.பி. (ஃபைபரைச் செருகும் மாட்யூல்), லைசென்ஸ், ஏ.எம்.சி. (வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று ஏறிக்கொண்டே போகும். நெட்வொர்க் நின்றால் எங்களுக்கு என்ன நிற்கும் என்று பார்த்தோம். ஸ்பின்னிங் மெஷின்கள் ஓடும். பில்லிங்கும் எடைமேடையும்தான் நிற்கும், லாரிகள் காத்திருக்கும். அதற்கு ஜோடி தேவையில்லை. அதே மாடலில் ஒன்றை வாங்கி, கான்ஃபிக் (செட்டிங்குகள்) ஏற்றி, ரேக்குக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். மாற்ற அரை மணி நேரம் போதும்.

மருத்துவமனை நெட்வொர்க் அட்மின்:
எங்களுக்கு அந்த அரை மணி நேரம் கிடையாது. நள்ளிரவில் ஸ்கேன் படம் டாக்டருக்குப் போகாவிட்டால் சிகிச்சை தாமதமாகும். அதனால் ஜோடிதான், ஒவ்வொன்றிலும் இரண்டு பவர் சப்ளை. அப்படியும் ஒரு நாள் எல்லாம் சேர்ந்து அணைந்தது. ரேக்குக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், வயரிங் செய்தவர்கள் நான்கு பவர் கார்டுகளையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் செருகியிருந்தார்கள். 99% நேரம் ஓடும் பெட்டி வருடத்துக்கு மூன்றரை நாளுக்கு மேல் நிற்கும். அப்படி இரண்டு இருந்தால் கணக்குப்படி 99.99%, அதாவது வருடத்துக்கு சுமார் 53 நிமிடம்தான். ஆனால் ஒன்று விழும் காரணத்தால் மற்றது விழாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். இப்போது கார்டுகளில் சிவப்பு, நீல டேப் சுற்றி, இரண்டு யூ.பி.எஸ்.ஸுக்குப் பிரித்துவிட்டோம். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது.

கல்லூரி சிஸ்டம் அட்மின்:
இன்டர்நெட் லைனிலும் இதே கதைதான். இரண்டு கம்பெனி, இரண்டு பில். ஃபைபர் இரண்டும் ஒரே பள்ளத்தில் வந்ததால் ஜே.சி.பி. ஒரே இழுப்பில் இரண்டையும் அறுத்தது. இப்போது ஒன்றை வயர்லெஸ்ஸாக மாற்றிவிட்டோம். வேகம் குறைவுதான், பரவாயில்லை.

இன்னொன்று, எல்லாமே ஹார்டுவேர் கோளாறு இல்லை. 2022 ஜூலை 8 அன்று கனடாவில் ரோஜர்ஸ் என்ற டெலிகாம் கம்பெனியின் நெட்வொர்க் விழுந்து 1.2 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தவித்தார்கள். அங்கே எந்தப் பெட்டியும் கெட்டுப்போகவில்லை. கான்ஃபிக் மாற்றத்தில் ஒரு ஃபில்டர் நீங்கியதால் கோர் ரவுட்டர்களில் ரூட்டுகள் (டேட்டா எந்த வழியில் போக வேண்டும் என்ற தகவல்கள்) வெள்ளமாகப் புகுந்தன. அந்த மாதிரி நேரத்தில் இரண்டாவது பெட்டியும் முதல் பெட்டியோடு சேர்ந்தே விழும். அதனால் ஜோடி வாங்கும் காசில் ஒரு பங்கை, நெட்வொர்க் விழுந்தாலும் பெட்டிகளுக்குள் நுழைந்து சரிசெய்ய, மேனேஜ்மென்டுக்கென்று தனி லைன் போட ஒதுக்குங்கள். செமஸ்டர் லீவில் மெயின் ஃபயர்வாலின் (நெட்வொர்க்கைக் காக்கும் பெட்டி) பவர் கார்டை உருவி, அதன் ஜோடி உண்மையிலேயே வேலையை எடுத்துக்கொள்கிறதா என்றும் பார்த்துவிடுகிறோம்.