கைடு அத்தியாயத்தைப் படிக்கவே மாட்டேன் என்கிறார், என்ன செய்யலாம்?

தேன்மொழி:
வணக்கம். சமூகவியல், பி.எச்டி நான்காம் ஆண்டு. ஆய்வேட்டு அத்தியாயத்தைக் கொடுத்தால் "பார்க்கிறேன்மா" என்கிறார் என் கைடு (ஆய்வு நெறியாளர்) சார். மாதக்கணக்கில் மேசையிலேயே கிடக்கிறது. துறைத்தலைவர் பொறுப்பும் அவரிடம்தான். மனக்கசப்பு இல்லாமல் எப்படி நகர்த்துவது? கைடு மாற்றுவதுதான் வழியா?

மதுரைப் பேராசிரியர்:
அவசரப்படாதீங்கம்மா, அது கடைசி வழி. முதலில் கொடுக்கும் முறையை மாற்றுங்கள். அறுபது பக்கத்தை மொத்தமாகக் கொடுத்தால் யாருமே "நிதானமா உட்கார்ந்து பார்க்கணும்" என்று ஒதுக்கித்தான் வைப்பார்கள்; துறைத்தலைவருக்கு அந்த நிதானம் வாய்க்கவே வாய்க்காது. பத்துப் பன்னிரண்டு பக்கமாகக் கொடுங்கள். மேலே ஒரு பக்கக் குறிப்பு: இந்தப் பகுதியின் வாதம், போன முறை சொன்னதில் திருத்தியவை, பதில் வேண்டிய இரண்டு கேள்விகள். "எப்படி இருக்கு சார்?" என்றால் பதில் வராது. "42ஆம் பக்க அட்டவணையில் சாதிவாரிப் பிரிப்பு போதுமா, வருமானமும் சேர்க்கணுமா?" என்று கேளுங்கள், நடந்துகொண்டே சொல்லிவிடுவார்.

பேசிய அன்றே "இன்று நீங்கள் சொன்னவை இவை, அடுத்த பகுதி இந்தத் தேதிக்குள் தருகிறேன்" என்று மெயில் போடுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை. போன மாதம் சரி என்றதை இந்த மாதம் தவறு என்பதுதான் மாணவர்களை ரொம்ப நோகடிக்கிறது. மெயில் இருந்தால் "சார், அன்றைக்கு இப்படிச் சொன்னீங்களே" என்று தயங்காமல் கேட்கலாம்.

கதிரவன்:
ஆய்வு எப்படிப் போகிறது என்று பார்க்கும் ஆய்வு ஆலோசனைக் குழுவை விட்டுவிட்டீர்களே. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஒவ்வொரு செமஸ்டரும் குழுவின் முன் முன்னேற்றத்தை வைத்தாக வேண்டும். அதை வெறும் கையெழுத்துச் சடங்காக விட்டுவிடாதீர்கள். எந்தப் பகுதி எந்தத் தேதியில் கொடுத்தது, எது திருத்தி வந்தது, எது வரவில்லை என்று அறிக்கையோடு ஓர் அட்டவணை இணையுங்கள். புகார் வாசகம் ஒன்றுகூட வேண்டாம். "அடுத்த கூட்டத்துக்குள் மூன்றாம் அத்தியாயம்" என்று மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) ஏறிவிட்டால் அந்தக் கெடு கைடுக்கும் சேர்த்துத்தான்.

தேன்மொழி:
நன்றி சார், நன்றி அண்ணா. அப்படியும் நகரவில்லை என்றால்?

கதிரவன்:
கைடு மாற்றம் பற்றிப் பேச்செடுக்கும் முன் வேறு பேராசிரியரிடம் காலியிடம் இருக்கிறதா பாருங்கள். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்குத்தான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுகூட இல்லாதவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. இடம் உறுதியாகாமல் வாயைத் திறந்தால் இருக்கும் கைடும் கசந்துபோவார். தலைப்பு இன்னொரு துறையையும் தொட்டால் இணை நெறியாளர் (கைடோடு சேர்ந்து வழிகாட்டும் இன்னொருவர்) கேளுங்கள். உங்கள் சாருக்கும் அதில் சுமை குறையும். பதிவுக் காலம் பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டு, அதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.