உள்ளரங்கு பட்மின்டன்: 1/1000 செக்கன் ஷட்டரில் படத்துக்குப் படம் நிறம் மாறுது, வழி சொல்லுங்கோ

திருகோணமலையில் உள்ளரங்கு விளையாட்டுப் படம் எடுக்கிற அண்ணாமார் ஒருக்கா பாருங்கோ. கமரா கெனன் 80டி, லென்ஸ் 85 மி.மீ எஃப் 1.8. மனுவலில் ஷட்டர் 1/1000, எஃப் 2, ஐ.எஸ்.ஓ 3200, ரோ (RAW) கோப்பு.

தொடர்ந்து எட்டுப் படம் அடிச்சா இரண்டு மஞ்சளடிக்குது, ஒண்டில கீழ்ப்பாதி இருண்டு கிடக்குது. எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். கூரையில இருக்கிற பழைய மெற்றல் ஹேலைட் விளக்கு செக்கனுக்கு 100 தரம் மங்கித் தெளியும், 1/1000 அதில ஒரு துண்டைத்தான் பிடிக்கும். அதால வைற் பலன்ஸை (நிறச் சமநிலையை) எப்படித் திருத்தினாலும் பிரயோசனமில்லை. 1/100க்கு இறக்கினா நிறம் சீர், ராக்கெட் பிடிச்ச கை கரைஞ்சு போகுது. கமராவில இருக்கிற அன்டி ஃபிளிக்கர் (விளக்கு மினுக்கலைச் சமாளிக்கிற வசதி) போட்டா ஷட்டர் விளக்கின்ர உச்சத்துக்குக் காத்திருக்குது. வெளிச்சம் சரி, ஸ்மாஷ் தப்புது. அன்டி ஃபிளிக்கரைப் போட்டபடியே விட்டு, அடிக்கு முன்னமே ஷட்டரை அமத்திப் பழகிறதுதான் வழியோ?

மற்றது ஃபோகஸ். ஏஐ சேர்வோ (அசையிற ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் பண்ணுற முறை), நடுப்புள்ளி ஒண்டு மட்டும், ஃபோகஸ் பண்ணுறது கமராவின்ர பின்பட்டனில. எதிர்ப்பக்க ஆளைப் பிடிச்சிருக்கேக்க வலையின்ர வெள்ளை நாடா குறுக்க வந்தா ஃபோகஸ் அதிலயே ஒட்டிக்கொள்ளுது. 8 மீட்டரில எஃப் 2க்குத் தெளிவு ஆழம் (முன்பின்னாத் தெளிவா விழுகிற தூரம்) முக்கால் மீட்டரும் இல்லை, முகம் போயிடும். ட்ரக்கிங் சென்சிற்றிவிற்றியை (குறுக்க ஏதும் வந்தா ஃபோகஸ் எவ்வளவு கெதியா அதுக்கு மாறும் எண்ட செற்றிங்) மைனஸ் 2இல் வச்சு எடுத்த ஆக்கள் இருக்கிறியளோ? ஒரு புள்ளிக்குப் பதிலா ஸோன் (புள்ளிக் கூட்டம்) போட்டா நல்லதோ, கெடுதலோ?

ஃபிளாஷ் போடச் சொல்லாதேங்கோ, சேர்வ் எடுக்கிற பிள்ளையின்ர கண்ணில அடிக்கும்.