தம்பியின் எடை: வாயைக் கட்டினால் போதுமா?

கொல்லிமலை அக்கா:
என் தம்பிக்கு வயது 38. லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. உயரம் 168 செ.மீ., எடை 112 கிலோ. இரண்டு வருடம் முன்பு ராத்திரிச் சோற்றை விட்டு, விடியற்காலையில் நடந்து 94-க்குக் கொண்டுவந்தான். நடையை இன்னும் விடவில்லை, எடை மட்டும் மொத்தமாகத் திரும்பிவிட்டது. தூக்கத்தில் குறட்டை திடீரென்று நின்று, மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறான். பகலில் பில் எழுதும்போதே கண் சொக்கி, பேனா காகிதத்தில் கோடு இழுத்துக்கொண்டு போகிறது. பிபி மாத்திரையும் ஆரம்பித்தாயிற்று.

டாக்டர், "உடல் பருமனே நாள்பட்ட நோய்தான், சர்க்கரை மாதிரி ஆயுசுக்கும் கவனிக்கணும்" என்கிறார். சொந்தக்காரர்கள், "வாயைக் கட்டினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். பந்தியில் இவன் இலையைப் பார்த்துப் பேசியே இவனை விசேஷங்களுக்கு வரவிடாமல் செய்துவிட்டார்கள். அவன் சோம்பேறி இல்லை. டாக்டர் சொல்வது சரியா?

காவிரிக்கரை:
அக்கா, முதலில் பைக் சாவியை வாங்கி வையுங்கள். எங்கள் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் பகலில் தூக்கம் தள்ளும். தூக்கப் பரிசோதனை செய்து, தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் சிபேப் கருவி கொடுத்தார்கள். மாஸ்க் பழக நாளாயிற்று. பழகிய பிறகு பகல் தூக்கம் போய்விட்டது.

வார்டு சிஸ்டர்:
டாக்டர் சொன்னது சரி. சர்க்கரை நோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன், உங்கள் தம்பி மாதிரி நிறையப் பேரைப் பார்க்கிறேன். எடை குறைந்ததும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. கொழுப்பிலிருந்து வந்து பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் குறையும், பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், சும்மா இருக்கும்போது செலவாகும் கலோரியும் குறையும். 10 வாரம் கடுமையான டயட்டில் எடை குறைத்தவர்களை மெல்போர்னில் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்தும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இதில் தம்பியின் மன உறுதியைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013-லேயே உடல் பருமனை நோய் என்று அறிவித்துவிட்டது.

இந்தியர்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 25-லேயே பருமன் கணக்கு, தம்பிக்குக் கிட்டத்தட்ட 40. இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள், ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக்கூடாது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, கல்லீரலுக்கு ஒரு ஸ்கேன், இவற்றைச் சேர்த்தே எடுத்துவிடுங்கள். கல்லீரல் கொழுப்பு சத்தமில்லாமல் வளரும்.

94-க்கே போகணும் என்று இப்போது நினைக்க வேண்டாம். எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பிபி, சர்க்கரை இரண்டிலும் வித்தியாசம் தெரியும். எடை குறைக்க உதவும் டிர்ஸெபடைடு ஊசி 2025-இலிருந்து இங்கேயும் கிடைக்கிறது. தூக்கத்தில் வரும் மூச்சுத் தடைக்கும் அதில் பலன் உண்டு, ஆனால் நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும். டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது.

கொல்லிமலை அக்கா:
ரொம்ப நன்றி சிஸ்டர். தூக்கப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி தங்கணுமா? லோடு வரும் நேரம், லீவு கிடைக்காது என்கிறான்.

வார்டு சிஸ்டர்:
அவசியமில்லை. வீட்டிலேயே படுக்கும்போது மாட்டிக்கொள்ளும் கருவி இருக்கிறது. அது இவருக்குப் போதுமா என்று நுரையீரல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ கேளுங்கள். மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு தடைபட்டால் தீவிரம், அப்போது சிபேப்பைத் தள்ளிப்போடவே கூடாது. போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ராத்திரி மூச்சு நிற்பதைப் பார்த்தவர் நேரில் சொன்னால் டாக்டருக்கு உதவும்.